கரையேறிய கண்கள்

பகுதி 17

சென்ற பகுதியில் பீரங்கி மலைக்குப் பின்னால் போய் மறைந்துகொண்ட கதையைப் பார்த்தோம். சுடுகிறவனுக்கு இலக்கு தெரியாது. இலக்கைப் பார்க்கிறவன் கையில் பீரங்கி இருக்காது. இருவருக்கும் நடுவில் ஒரு டெலிபோன் கம்பி. முதல் உலகப் போரின் அகழிகளில் ஏராளமான உயிர்களைக் காவு வாங்கிய பிறகே இந்த ஏற்பாடு ஒருவழியாகப் படிந்தது. சரி, பீரங்கி தரையில் இல்லாமல் கடலில் மிதந்தால்? ஆடிக்கொண்டும் நகர்ந்துகொண்டும் இருக்கிற கப்பலுக்கு யார் போய்க் கம்பி இழுப்பது?

அந்தக் கேள்விக்குப் பதிலாக உருவானவர்கள்தான் இந்த வாரத்து ஆட்கள். நாலைந்து பேர், மிஞ்சினால் ஒரு டஜன் பேர் கொண்ட சின்னக் குழுக்கள். காலாட்படையோடு கரையேறி, தூரத்தில் நிற்கும் கப்பலின் பீரங்கிகளைக் கரையிலிருந்தே இயக்கியவர்கள். இவர்களை அதிரடிப் படை வரிசையில் வைத்துப் பேசுவது வழக்கம். பாராசூட்டில் குதிப்பது, இரவில் சிறு படகில் கரை சேர்வது எல்லாம் கற்றவர்கள் என்பது உண்மைதான். ஆனால் அவற்றைக் கற்றது முன்வரிசைக்காரர்களோடு போய்ச் சேர்வதற்காக. போய்ச் சேர்ந்த பிறகு இவர்களுடைய வேலை சுடுவதல்ல, பேசுவது. தெளிவாக, சுருக்கமாக, பதறாமல் பேசுவது.

இவர்கள் இல்லாதபோது என்ன நடந்தது என்பதிலிருந்து தொடங்கலாம்.

1915 ஏப்ரல் 25. துருக்கியின் கல்லிப்போலி தீபகற்பத்தில் பிரிட்டிஷ் படைகள் ஒரே காலையில் பல இடங்களில் இறங்கின. எக்ஸ் என்று பெயரிட்ட கடற்கரையில் இம்ப்ளாக்கபிள் என்ற போர்க்கப்பல் ஒரு காரியம் செய்தது. நங்கூரத்தைத் தொங்கவிட்டபடி, தரை தட்டிவிடும் என்கிற பயத்தையும் பொருட்படுத்தாமல், கரைக்கு 500 மீட்டருக்குள் வந்து நின்று மேட்டின் விளிம்பைச் சுட்டுத் தள்ளியது. கரையில் இறங்கியவர்களுக்கு ஏறக்குறைய ஒரு கீறலும் இல்லை. சில கிலோமீட்டர் தள்ளி வி கடற்கரை. அங்கே கப்பல்கள் தூரத்தில் நின்று சுட்டன. படகுகள் கரையை நெருங்கியதும் சொந்த ஆட்கள் மேல் பட்டுவிடக் கூடாதே என்று நிறுத்தின. நிறுத்திய அந்தச் சில நிமிடங்களில் துருக்கிய வீரர்கள் தலைதூக்கினார்கள். படைகளை ஏற்றி வந்த ரிவர் கிளைட் கப்பலிலிருந்தும் படகுகளிலிருந்தும் இறங்கியவர்கள் கொத்துக்கொத்தாக விழுந்தார்கள்.

இரண்டு கடற்கரைக்கும் உள்ள வித்தியாசத்தில் தளபதிகளின் துணிச்சலுக்கும் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் அடிப்படையான வித்தியாசம், இம்ப்ளாக்கபிள் தன் கண்ணால் பார்க்கும் தூரத்துக்கு வந்தது என்பதே. கப்பல் தான் பார்ப்பதைச் சுடுவது பழைய கலை. சென்னைக்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் வந்து நின்று, சர்ச்லைட்டை அடித்து, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. கண்ணும் பீரங்கியும் ஒரே கப்பலில் இருந்தன, தொட்டிகளும் ஓடி ஒளியவில்லை.

ஒளிந்திருப்பவனைச் சுடுவதுதான் சிக்கல். கப்பல் பீரங்கி இன்னொரு கப்பலை அடிப்பதற்காகச் செய்தது. குண்டு அசுர வேகத்தில், தட்டையாகப் பாயும். மேட்டின் முகப்பைப் பெயர்க்கும், மேட்டுக்குப் பின்னால் குழியில் இருப்பவனைத் தாண்டிப் போய்விடும். இன்னொரு குணமும் உண்டு. அதன் குண்டுகள் பக்கவாட்டில் அதிகம் சிதறுவதில்லை. முன்னும் பின்னுமாக நீளமாகச் சிதறும். ஆகவே கப்பல் நம் படைக்குப் பின்னால் நின்று தலைக்கு மேலாகச் சுட்டால், ஒரு குண்டு கொஞ்சம் குறைந்து விழுந்தாலும் நம் ஆள் போனான். பக்கவாட்டில், படைவரிசைக்கு இணையாக நின்று சுட்டால் அதே பீரங்கி நூல் பிடித்த மாதிரி அடிக்கும். எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கப்பலுக்கு யாராவது சொல்லியாக வேண்டும். விழுந்த குண்டு எங்கே விழுந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். கல்லிப்போலியிலேயே இதற்கு ஒரு முன்னோட்டம் கிடைத்தது. ஏப்ரல் 27 அன்று பலூனில் ஏறி நின்றவர்கள் சொன்ன திருத்தங்களைக் கேட்டு, குயீன் எலிசபெத் என்ற பெரிய போர்க்கப்பல் தீபகற்பத்தைத் தாண்டி மறுபுறத்துக் கடலில் இருந்த ஒரு துருக்கியக் கப்பலை மூழ்கடித்தது. மூன்றாவது குண்டிலேயே. ஆனால் பலூனிலிருந்து பார்த்தால் கடல் தெரியும், புதருக்குள் இருக்கும் இயந்திரத் துப்பாக்கி தெரியாது.

திருத்தம் சொல்வது எப்படி என்று இங்கேயே பார்த்துவிடலாம், இனி அடிக்கடி வரும். முதுகில் அரிக்கிற இடத்தை இன்னொருவருக்குச் சொல்லிச் சொறியவைப்பது எவ்வளவு சிரமம் என்று எல்லோருக்கும் தெரியும். குண்டு விழும் இடத்தைப் பார்த்துச் சொல்கிற நோக்கரின் வேலை கிட்டத்தட்ட அதுதான், விரலுக்குப் பதில் 25 கிலோ குண்டு. முதலில் வரைபடத்தில் இலக்கின் இடத்தைச் சொல்கிறார். கப்பல் ஒரே ஒரு குண்டு போடுகிறது. அது இலக்கைத் தாண்டி விழுந்தால் 400 குறை என்கிறார். அடுத்தது முன்னால் விழுந்தால் 200 கூட்டு. தாண்டியதற்கும் குறைந்ததற்கும் நடுவே இலக்கு மாட்டிக்கொண்டதும் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே வருகிறார். சரியான இடத்தில் விழுந்ததும் ஒரு சொல். அதன் பிறகு எல்லாப் பீரங்கிகளும் பேசும். இதில் நுணுக்கம் என்னவென்றால், நோக்கர் தன் பார்வைக்கு இடம், வலம் சொல்கிறார். கப்பல் வேறு கோணத்தில், அதுவும் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒருவருடைய இடத்தை இன்னொருவருடைய இடமாக மாற்றும் கணக்கைக் கப்பலில் கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் போட வேண்டும். கணக்கில் பிசகினாலும் கரையில் சாவு, ரேடியோ நனைந்தாலும் கரையில் சாவு.

ரேடியோ நனைந்தது. இடம், பசிபிக் பெருங்கடலில் தராவா பவளத் தீவுக்கூட்டம், இன்றைய கிரிபாத்தி நாடு. 1943 நவம்பர் 20.

அங்கே பெட்டியோ என்ற தீவின் நீளம் சுமார் மூன்று கிலோமீட்டர். அகலம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. அதில் ஜப்பானியர்களும், அவர்களுக்காகக் கட்டட வேலை செய்த கொரியத் தொழிலாளர்களுமாக 4,500 பேருக்கு மேல். தென்னந்தடிகளையும் கான்கிரீட்டையும் மணலையும் அடுக்கிக் கட்டிய பதுங்குமனைகள். அமெரிக்கக் கடற்படை சுமார் மூன்று மணி நேரத்தில் ஏறக்குறைய 3,000 டன் குண்டுகளை அந்தத் துண்டு நிலத்தில் கொட்டியது. புகையும் புழுதியும் தீவையே மறைத்தன. இதற்குப் பிறகும் உயிரோடு யார் இருப்பார்கள் என்று கப்பல்களில் இருந்தவர்கள் நினைத்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் குண்டுகளில் பெரும்பகுதி குறிபார்க்காமல் பரப்பைப் பார்த்துச் சுட்டவை. தட்டையான தீவில் தட்டையாக வந்து பட்டுத் தெறித்துக் கடலில் போய் விழுந்தவையும் ஏராளம். பதுங்குமனைகள் நின்றன.

கடலில் நீர் எதிர்பார்த்த அளவு ஏறவில்லை. படகுகள் பவளத்திட்டில் தட்டி நின்றன. அமெரிக்க மரைன் வீரர்கள் நூற்றுக்கணக்கான மீட்டர் தூரம் மார்பளவு நீரில் துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அவர்களோடு நடந்த கடற்படை நோக்கர்களின் ரேடியோக்களும் அதே உப்புநீரில் நடந்தன. கரையேறியபோது பல செத்துப்போயிருந்தன. அங்கே கரையில் ரேடியோ இல்லை, இங்கே கப்பலிலும் இல்லை: தாக்குதலை நடத்திய தளபதிகள் இருந்த மேரிலண்ட் கப்பலின் பெரிய பீரங்கிகள் ஒவ்வொரு முறை முழங்கியபோதும் அந்த அதிர்ச்சியில் அதே கப்பலின் ரேடியோக் கருவிகள் பழுதாகின. தன் வாயைத் தானே அடைத்துக்கொண்ட தலைமைக் கப்பல். இதை யாராவது கற்பனைக் கதையில் எழுதினால் ஆசிரியர் நம்ப முடியவில்லை என்று வெட்டிவிடுவார்.

இருந்தும் பெட்டியோவில் நடந்த இரண்டு சம்பவங்கள் எதிர்காலத்தைக் காட்டின. ரிங்கோல்ட், டஷியல் என்ற இரண்டு நாசகாரிக் கப்பல்கள் காயலுக்குள்ளேயே நுழைந்து, கரைக்கு மிக அருகில் நின்றன. முதல் நாள் பிற்பகலில் ஜப்பானியத் தளபதி ஷிபாசாகி தன் தலைமையிடத்தைக் காயம்பட்டவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வேறிடத்துக்கு மாற வெளியே வந்தார். கரையிலிருந்த யாரோ அந்த அதிகாரிகள் கூட்டத்தைப் பார்த்துக் கப்பலுக்குச் சொல்ல, வானிலேயே வெடிக்கும் குண்டுகள் வந்து அவரையும் அவருடன் இருந்தவர்களையும் கொன்றன என்று கருதப்படுகிறது. அன்றிரவு ஜப்பானியரின் பெரிய எதிர்த்தாக்குதல் எதுவும் வரவில்லை. அது வந்திருந்தால் மரைன்களைக் கடலுக்குள் தள்ளியிருக்கும்.

மறுநாள் தீவின் மேற்குக் கரையில் மேஜர் மைக்கேல் ரயன், சிதறிப்போன பல பிரிவுகளின் ஆட்களைத் திரட்டி வைத்திருந்தார். அவரிடம் பெரிய ஆயுதம் எதுவும் இல்லை. ஆனால் கடற்படை நோக்கரான லெப்டினன்ட் தாமஸ் கிரீன் அவரிடம் வந்து சேர்ந்திருந்தார், வேலை செய்யும் ஒரு ரேடியோவோடு. கிரீன் ஒவ்வொரு ஜப்பானிய நிலையாகக் கப்பல்களுக்குச் சுட்டிக்காட்ட, குண்டு விழுந்த சூட்டோடு ரயனின் ஆட்கள் முன்னேற, ஒரு மணி நேரத்துக்குள் மேற்குக் கரை முழுவதும் கைக்கு வந்தது. புதிய படைகள் சேதமில்லாமல் இறங்க ஒரு வாசல் திறந்தது. முந்தைய நாள் 3,000 டன் சாதிக்காததைச் சில டஜன் குண்டுகளும் ஒரு குரலும் சாதித்தன என்று சொன்னால் கொஞ்சம் மிகையாக இருக்கலாம். கொஞ்சம்தான்.

76 மணி நேரத்தில் தீவு விழுந்தது. அமெரிக்கத் தரப்பில் ஏறக்குறைய 1,000 பேர் இறந்தார்கள். எதிர்த்தரப்பில் உயிரோடு பிடிபட்டவர்கள் 146 பேர், அவர்களில் ஜப்பானியர் 17 பேர் மட்டுமே.

தராவாவுக்குப் பிறகு அமெரிக்கர்கள் செய்த காரியம் பாராட்டத் தக்கது. ஹவாயின் கஹூலாவே தீவில் பெட்டியோவில் கண்டது போன்ற பதுங்குமனைகளைக் கட்டி, கப்பல்களைக் கொண்டுவந்து சுட்டுப் பழகவைத்தார்கள். பரப்பைச் சுடாதே, மனையைச் சுடு. வேகமாகச் சுடாதே, பார்த்துச் சுடு. கூட்டுத் தாக்குதல் தொடர்புக் கம்பெனி என்ற புதிய அமைப்புக்கும் அவசரம் பிறந்தது. இதன் முதல் கம்பெனி தராவாவுக்கு ஒரு மாதம் முன்பே கலிபோர்னியாவில் உருவாகத் தொடங்கியிருந்தது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஆட்கள், அவர்களைச் சின்னக் குழுக்களாக உடைத்து ஒவ்வொரு பட்டாலியனோடும் அனுப்புவார்கள். பட்டாலியன் தளபதியின் பக்கத்தில் ஒரு கடற்படை அதிகாரி. கப்பலால் எது முடியும், எது முடியாது என்று சொல்வது அவர் வேலை. முன்வரிசையில் இன்னொரு அதிகாரி, ரேடியோ தூக்கும் ஆட்களோடு. விமானங்களை அழைக்க வேறொரு குழு. 1944 தொடக்கத்தில் பசிபிக்கின் குவாஜலீன் தீவுக்கூட்டத்தில் இவர்கள் முதல்முறையாகக் களமிறங்கினார்கள். அங்கே ரியர் அட்மிரல் ரிச்சர்ட் கானலி போர்க்கப்பலையே இன்னும் கிட்டே போ, இன்னும் கிட்டே போ என்று விரட்டியதால், கிட்டே போகிற கானலி என்றே பெயர் ஒட்டிக்கொண்டது.

அதே ஆண்டு ஜூன் 6, நார்மண்டி. இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும்.

புவாந்த் து ஹாக் என்பது கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் 30 மீட்டர் உயரச் செங்குத்துப் பாறை. உச்சியில் ஜெர்மானியரின் பெரிய பீரங்கிகள் இருப்பதாகத் தகவல். லெப்டினன்ட் கர்னல் ஜேம்ஸ் ரடர் தலைமையில் 225 அமெரிக்க ரேஞ்சர் வீரர்கள் கயிற்றைப் பிடித்து ஏற வேண்டும். வழி தவறியதால் சுமார் 40 நிமிடம் தாமதமாக வந்து சேர்ந்தார்கள். முதல் குண்டுவீச்சு ஓய்ந்து ஜெர்மானியர்கள் விளிம்புக்குத் திரும்பிவிட்டார்கள். அமெரிக்க நாசகாரி சாட்டர்லியும் பிரிட்டிஷ் கப்பல் டாலிபாண்டும் அதைத் தாமாகவே கண்டு நெருங்கி வந்து விளிம்பைச் சுட்டன. அந்த அவகாசத்தில் ரேஞ்சர்கள் ஏறினார்கள். இந்தக் கதையைச் சொல்கிற பலரும் கயிறு ஏறியதோடு நிறுத்திவிடுகிறார்கள். உச்சியில் பீரங்கிகள் இல்லை, உள்ளே ஒரு தோட்டத்துப் பாதையில் மறைத்து வைத்திருந்தவற்றை இரண்டு ரேஞ்சர்கள் கண்டுபிடித்து உருக்கிக் கெடுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்பவர்கள் சிலர். அதற்குப் பிறகான இரண்டு நாள்தான் நம் கதை.

ரேஞ்சர்களோடு கப்பல் சூட்டை வழிநடத்த 12 பேர் கொண்ட ஒரு குழு ஏறியிருந்தது. பீரங்கிப் படை கேப்டன் ஜொனாதன் ஹார்வுட், கடற்படை லெப்டினன்ட் கென்னத் நார்ட்டன் இருவரும் அதில் இருந்தார்கள். காலை ஏழரை மணிக்கெல்லாம் சாட்டர்லியோடு தொடர்பு கிடைத்துவிட்டது. ரேடியோ கைகொடுக்காதபோது தகவல் தொடர்பு அதிகாரி ஜேம்ஸ் ஐக்னர் ஒரு பொருளை எடுத்தார். முதல் உலகப் போர்க் காலத்துச் சமிக்ஞை விளக்கு. பழைய சாமான் என்று மற்றவர்கள் ஒதுக்கியிருப்பார்கள், இவர் முக்காலியோடு சுமந்து வந்திருந்தார். பாறை விளிம்பிலிருந்து அதைக் கப்பலை நோக்கி மினுக்கி இலக்குகளைச் சொன்னார். கப்பல் சுட்டது. மாலைக்குள் சாட்டர்லி தன்னிடமிருந்த வெடிமருந்தில் எழுபது சதவீதத்தைத் தீர்த்துவிட்டது.

இடையில் ஒரு விபரீதம். பிரிட்டிஷ் குரூசர் கிளாஸ்கோவிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் ஒரு குண்டு தூரம் குறைந்து ரடரின் தலைமையிடத்திலேயே விழுந்தது. சாயம் நிரப்பிய குறிகாட்டும் குண்டு. கேப்டன் ஹார்வுட் இறந்தார், நார்ட்டன் காயமடைந்தார். அங்கிருந்தவர்களின் உடம்பெல்லாம் மஞ்சளாகிப் போனது என்று ஐக்னர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். கப்பல் குண்டுகளுக்கு வழிசொல்ல வந்த அதிகாரியே கப்பல் குண்டால் போனார்.

நடுப்பகலில் ரடர் ஒரு செய்தி அனுப்பினார்: வேலை முடிந்தது, வெடிமருந்தும் ஆட்களும் வேண்டும், சேதம் அதிகம். ரேடியோ, விளக்கு, கடைசியில் ஒரு புறா, இருந்த வழியில் எல்லாம் அனுப்பினார். சாட்டர்லி வழியாகத் திரும்பி வந்த பதில், அனுப்ப ஆட்கள் இல்லை. அன்றிரவு ஜெர்மானியர் மும்முறை தாக்கினார்கள். ஜூன் 8 அன்று உதவி வந்து சேர்ந்தபோது 225 பேரில் ஆயுதம் தூக்கும் நிலையில் இருந்தவர்கள் 90 பேர் அளவில். அவர்கள் அந்த முனையில் நிற்க முடிந்ததற்குக் காரணம் அவர்களுடைய வீரம் என்று நினைவுச்சின்னங்கள் சொல்கின்றன. கடலில் மாறி மாறி வந்து நின்ற நாசகாரிகள் என்று நான் சேர்த்துக்கொள்வேன்.

பக்கத்திலேயே ஒமாஹா கடற்கரையில் நோக்கர் குழுக்களில் பல இறங்கும்போதே சிதைந்துவிட்டன. கார்மிக் என்ற நாசகாரி வேறு வழியில்லாமல் ஒரு தந்திரம் கண்டுபிடித்தது. கரையில் தத்தளித்த அமெரிக்க டாங்குகள் மேட்டில் எந்த இடத்தைச் சுடுகின்றன என்று கவனித்து, அதே இடத்தைத் தன் பீரங்கியால் அடித்தது. டாங்குக்காரர்களுக்கும் விஷயம் புரிந்தது. ஒன்று முடிந்ததும் அடுத்த இடத்துக்குக் குண்டைத் திருப்பிக் காட்டினார்கள். ரேடியோ இல்லாமலே ஒரு உரையாடல்.

போர் முடிந்ததும் என்ன ஆனது? அமைதிக் காலத்து ராணுவத்துக்கு இரண்டு படைகளுக்கு நடுவில் நிற்கிறவன் என்றால் ஆகாது. கடற்படைப் பட்ஜெட்டா, தரைப்படைப் பட்ஜெட்டா என்கிற கேள்வியிலேயே அவன் காணாமல் போவான். அமெரிக்கக் கூட்டுக் கம்பெனிகள் சில ஆண்டுகளுக்குள் கலைந்தன. 1949 இறுதியில் அதே வேலைக்கு ஆங்லிகோ என்ற பெயரில் மரைன் படையில் புதிய அமைப்பு தொடங்கியது. ஆறு மாதத்தில் கொரியப் போர் வந்தது. ஆங்லிகோவின் தனித்தன்மை, அது சொந்த மரைன்களுக்காக அல்ல, பிறருக்காக. அமெரிக்கத் தரைப்படை, கொரியர்கள், பிறகு தென் வியட்நாமியர். இரவல் கொடுப்பதற்கென்றே பயிற்றுவித்த கண்கள்.

வியட்நாமில் 1965 முதல் 1973 வரை அதன் ஒரு பிரிவு இருந்தது. மற்ற மரைன் படைகள் ஊருக்குத் திரும்பிய பிறகும் இருந்தது. 1972 மார்ச் 30 அன்று வட வியட்நாம் படைகள் எல்லையைத் தாண்டிப் பெரும் தாக்குதல் தொடங்கியபோது, எல்லையோரத்து ஆல்ஃபா 2 காவல் நிலையில் ஐந்து பேர் கொண்ட ஆங்லிகோ குழு ஒன்று இருந்தது. மேகம் தாழ்ந்து கிடந்ததால் விமானங்கள் வர வழியில்லை. கடலில் நின்ற நாசகாரிகள் மட்டுமே துணை. குழு சுடச் சொல்லிக்கொண்டே இருந்தது. அதன் இளம் அதிகாரி அங்கே படுகாயமடைந்து, பிறகு இறந்தார். மூன்று நாள் கழித்து டாங் ஹா பாலத்தை கேப்டன் ஜான் ரிப்ளி வெடிவைத்துத் தகர்த்த கதை புகழ்பெற்றது. பாலத்தின் அக்கரையில் குவிந்த டாங்குகள் மேல் கப்பல் குண்டுகள் விழுந்துகொண்டிருந்ததையும் அதோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

பிரிட்டனுக்கு வருவோம். அங்கே இரண்டாம் உலகப் போரில் பீரங்கிப் படை அதிகாரியும் கடற்படைத் தந்தியாளர்களும் சேர்ந்த குழுக்கள் இருந்தன. அந்த மரபின் வாரிசு 148வது கமாண்டோ முன்னணி நோக்கு பேட்டரி. அதன் பட்டப்பெயர் மேக்டிலா, 1945ல் பர்மாவில் இந்தியப் படைப்பிரிவுகள் சண்டையிட்டு வென்ற ஊர். பேட்டரி என்று பெயர் இருந்தாலும் அதனிடம் பீரங்கி எதுவும் கிடையாது. ஒவ்வொரு குழுவிலும் ஒரு கேப்டன், ஒரு பம்பார்டியர் (பீரங்கிப் படையின் கார்ப்பரல்), சில ரேடியோ ஆட்கள், அவர்களில் கடற்படைக்காரர்களும் உண்டு. 1982ல் அர்ஜென்டினாவோடு ஃபாக்லாந்து போர் தொடங்கியபோது பிரிட்டிஷ் கடற்படையின் மனநிலை வேறாக இருந்தது. ஏவுகணை யுகத்தில் கரையைச் சுடப் பீரங்கி எதற்கு? புதிதாக வந்த 22ம் வகைப் போர்க்கப்பல்களில் பெரிய பீரங்கியே வைக்கவில்லை.

மே 14 இரவு பெபிள் தீவில் இருந்த அர்ஜென்டின விமானத் தளத்துக்கு எஸ்.ஏ.எஸ். என்ற பிரிட்டிஷ் அதிரடிப் படையின் 45 பேர் ஹெலிகாப்டரில் போய் இறங்கினார்கள். உடன் 148வது பேட்டரியின் கேப்டன் கிறிஸ் பிரவுன். கடுங்காற்றில் வந்து சேரத் தாமதம். விடிவதற்குள் கப்பல்கள் விலகிவிட வேண்டும் என்பதால் கையிலிருந்த நேரம் அரை மணி. எஸ்.ஏ.எஸ். ஆட்கள் விமானங்களில் வெடிமருந்தை ஒட்டிக்கொண்டிருக்க, பிரவுன் கிளமார்கன் கப்பலின் 4.5 அங்குலப் பீரங்கியால் காவலர்களைத் தலைதூக்கவிடாமல் வைத்திருந்தார். வெளிச்சக் குண்டு, வெடிகுண்டு, மறுபடி வெளிச்சம். 11 விமானங்கள் அழிந்தன. புகழ் எஸ்.ஏ.எஸ்.ஸுக்குப் போனது, அது வழக்கம்தான்.

ஒரு வாரம் கழித்து, முக்கியத் தரையிறக்கத்தின் இரவில், ஃபேனிங் ஹெட் முனையில் நடந்தது விசித்திரமானது. அந்த மேட்டிலிருந்த அர்ஜென்டினர்கள் கீழே வரும் கப்பல்களைப் பார்க்கும் இடத்தில் இருந்தார்கள். எஸ்.பி.எஸ். என்ற கடற்படை அதிரடிப் படையோடு போன கேப்டன் ஹியூ மக்மானர்ஸ், ஆன்ட்ரிம் கப்பலின் குண்டுகளை அவர்களைச் சுற்றி விழவைத்தார். ஸ்பானிஷ் தெரிந்த ஒரு மரைன் அதிகாரி ஒலிபெருக்கியில் சரணடையச் சொல்லும் திட்டமும் இருந்தது. எங்கே விழ வேண்டும் என்பதை மட்டுமல்ல, எங்கே விழக் கூடாது என்பதையும் ஒரு ஆள் தீர்மானிக்கிற நிலை அது. முதல் உலகப் போரின் பீரங்கிக்காரன் கனவிலும் நினைக்காதது. பேச்சு பலிக்கவில்லை, சண்டை நடந்தது.

இந்த நம்பிக்கை எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கியது என்பதற்கு மே 28 சாட்சி. கூஸ் கிரீனில் தாக்கிய பாராசூட் பட்டாலியனுக்குத் துணை நின்ற ஆரோ கப்பலின் ஒரே பீரங்கி நடுச்சண்டையில் பழுதாகி நின்றுவிட்டது. சீராக்கிச் சுட்டார்கள், ஆனால் பகலில் விமானத் தாக்குதலுக்கு அஞ்சிக் கப்பல் போயாக வேண்டும். வெட்டவெளியில் விடிந்தது பாராசூட் படைக்கு.

ஜூன் 11 இரவு ஸ்டான்லி நகரைச் சூழ்ந்த மலைகள் மேல் ஒரே நேரத்தில் தாக்குதல். லாங்டன் மலையில் கேப்டன் வில்லி மக்ராக்கன் அவெஞ்சர் கப்பலின் குண்டுகளைப் பாராசூட் வீரர்களுக்கு மிக அருகில் இறக்கிக்கொண்டிருந்தார். டூ சிஸ்டர்ஸ் மலையில் ஏறிய 45வது கமாண்டோவுக்கு கிளமார்கன். அந்தச் சண்டை இழுத்துக்கொண்டே போனது. குறித்த நேரத்தில் விலக வேண்டிய கிளமார்கன், கரையில் இருப்பவர்களுக்குத் தேவை இருக்கிறது என்று நின்றது. பிறகு கிளம்பியபோது நேரத்தைப் பிடிக்க கரையிலிருந்த ஏவுகணை எட்டும் ஆபத்தான வட்டத்தின் ஓரத்தைக் குறுக்கே வெட்டியது. அர்ஜென்டினர்கள் கப்பலிலிருந்து கழற்றி டிரெய்லரில் ஏற்றி வைத்திருந்த எக்ஸோசெட் ஏவுகணை வந்து தாக்கியது. 14 பேர் இறந்தார்கள். கரையிலிருந்து வருகிற குரலுக்குக் கப்பல் கட்டுப்படுகிறது என்பதன் விலை இது. இந்த ஏற்பாட்டின் பலம் எதுவோ அதுவே அன்று பலி கேட்டது.

அதே இரவு ஸ்டான்லி நகருக்குள் ஒரு வீட்டில் பிரிட்டிஷ் கப்பல் குண்டு விழுந்து மூன்று பெண்களின் உயிரைப் பறித்தது. பாதுகாப்பான வீடு என்று நம்பி அங்கே தங்கியிருந்தவர்கள். அந்தப் போரில் இறந்த ஃபாக்லாந்து மக்கள் அந்த மூவர் மட்டுமே, கொன்றது அவர்களை மீட்க வந்த தரப்பு. முன்பின்னாகச் சிதறும் கப்பல் குண்டின் குணத்தை மேலே சொன்னேன். எவ்வளவு கூர்மையான கண் கரையில் இருந்தாலும் அந்தச் சிதறலை அது மாற்ற முடியாது.

போர் முழுவதும் பிரிட்டிஷ் கப்பல்கள் சுமார் 8,000 குண்டுகளைக் கரை மேல் சுட்டன. போருக்குப் பிறகு கட்டிய 22ம் வகைக் கப்பல்களின் மூன்றாம் தொகுதியில் 4.5 அங்குலப் பீரங்கி திரும்பி வந்து உட்கார்ந்தது. அட்மிரல்கள் தவற்றை இப்படித்தான் ஒப்புக்கொள்வார்கள், இரும்பில்.

அமெரிக்கர்கள் இதைவிட மறதிக்காரர்கள். 1991 ஜனவரியில் சவூதியின் காஃப்ஜி நகரை இராக்கியப் படை பிடித்தபோது, மரைன் உளவுக் குழுக்கள் இரண்டு ஊருக்குள்ளேயே மாட்டிக்கொண்டு, கட்டடங்களின் மேலிருந்தபடி பீரங்கிகளையும் விமானங்களையும் இராக்கியர்கள் மேல் திருப்பிவிட்டன. நகரை மீட்டது சவூதி, கத்தார் படைகள், அவற்றோடு இருந்து அமெரிக்கச் சூட்டை வரவழைத்தவர்கள் ஆங்லிகோ குழுக்கள். இவ்வளவுக்குப் பிறகும் 1990களின் இறுதியில் ஆங்லிகோவின் நிரந்தரப் பிரிவுகள் இரண்டையும் செலவு மிச்சம் என்று கலைத்தார்கள். 2003ல் இராக் போருக்குப் படை புறப்பட்ட அதே ஆண்டில், ஆட்களைத் தேடிப் பிடித்து இரண்டையும் மறுபடி தொடங்கினார்கள்.

கடல் கதை இத்தோடு போதும். அடுத்த பகுதியில் லாவோஸ். 1960களில் அமெரிக்கா அங்கே போரே நடத்தவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், சீருடையைக் கழற்றிவிட்டு, ரேவன் என்ற ரகசியப் பெயரோடு சின்னஞ்சிறு விமானங்களில் தாழப் பறந்து குண்டுவீச்சு விமானங்களுக்கு இலக்குக் காட்டிய விமானிகளைப் பார்ப்போம்.

(தொடரும்)